லூமிங் கடையில் உதறிவிட்டுப் போகிறவர்கள்

எங்கள் தீவு ஊரான சலாகனில் சாவு வீட்டுக்குப் போன யாரும் நேராகத் தன் வீட்டுக்குத் திரும்பமாட்டார்கள். திரும்பினால் செத்தவரும் பின்னாலேயே வந்து படியேறிவிடுவார். அதனால் வழியில் எங்காவது இறங்கி, உட்கார்ந்து, ஒரு வாய் காப்பியாவது குடித்து, ஒட்டிக்கொண்டு வந்ததை அங்கேயே உதறிவிட்டுத்தான் வீடு சேரவேண்டும். பக்பக் என்போம். மணிலாக்காரர்களுக்கு இதற்கென்றே ராவும் பகலும் திறந்திருக்கும் கண்ணாடி போட்ட காப்பிக் கடைகள் இருக்கின்றன. எங்களுக்கு லூமிங் கடைதான்.

நான் பெர்டோ. இந்த ஊரில், மோட்டார் சைக்கிளோடு பெட்டி சேர்த்த ட்ரைசைக்கிள் ஓட்டி இருபத்தாறு வருஷம் ஆகிறது. ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் எனக்குக் கால் அரிக்கும். அதற்குத் தோதாகத் தொழில் அமைந்தது, ஊர்தான் அமையவில்லை. பாராங்கை என்கிற வட்டாரம் பதினாலு சேர்ந்து ஒரு முனிசிபாலிட்டி என்று பேர், எல்லாம் சேர்த்துச் சுற்றினாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும். ஒரு பெட்ரோல் பங்க், மனசு வந்தால் திறக்கிற ஒரு வங்கி. தீவையே சுற்றிவருகிறேன் என்று கிளம்பிய ரோடு புல்வாங் பாறையைப் பார்த்ததும் நின்றது, பதினொரு வருஷமாக அங்கேயே நிற்கிறது. மாகாண அலுவலகத்தில் எங்களை ஐந்தாம் வகுப்பு முனிசிபாலிட்டி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என் அப்பன் காலத்திலும் ஐந்தாம் வகுப்புதான். இன்னும் பாஸாகவில்லை.

துறைமுகம், சந்தை, கல்லறை என்று மூன்று பக்கமும் போகிற ரோடுகள் முட்டிக்கொள்ளும் முக்கில் இருக்கிறது லூமிங்கின் சாப்பாட்டுக் கடை. நாலு பெஞ்சு, ஓர் அடுப்பு, இஞ்சி தட்டிப்போட்ட கோழிக்கஞ்சி, கறுப்புக் காப்பி. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. எந்தப் பாராங்கையில் சாவு விழுந்தாலும் ஜனம் திரும்புகிற வழி இதுதான். ஆக ஊரே தன் சாவையெல்லாம் முப்பது வருஷமாக அவள் வாசலில் உதறிவிட்டுப் போயிருக்கிறது.

"உனக்குப் பயமா இல்லையாக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எதுக்குப் பயம்? உசுரோட இருக்கிறவனுங்கதான் கஞ்சியில கோழியக் காணோம்னு சண்டைக்கு வர்றானுங்க. செத்தவங்க பாட்டுக்குச் சத்தம் போடாம உக்காந்திருக்காங்க."

குள்ளமான உருவம், பெரிய குரல். அவள் புருஷன் பலவான் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போனான். போன இடத்தில் இன்னொரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சேதி வந்த அன்றைக்கும் கடை திறந்திருந்தது. உப்புதான் கொஞ்சம் கூடிப்போயிருந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை.

மிஞ்சியது ஒரே மகள் ஜெனலின். கப்பலில் வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொண்டு தீவின் மறுகோடியில் வாழப்போனாள். அவளுக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை. முதலாவது ஐந்தாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது முழுசாகப் பிறந்தது, அழவே இல்லை. இரண்டு தடவையும் அவள் அம்மா வீட்டில், அந்தப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் படுத்திருந்தாள்.

மூன்றாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதம் ஆனபோது மறுபடி வந்தாள். எங்கள் துறைமுகத்திலிருந்துதான் மாகாண ஆஸ்பத்திரிக்குப் படகு போகிறது, வராமல் முடியாது. என் வண்டியில்தான் வந்தாள். கடை வாசலில் இறங்கினதும், பையைக்கூடக் கீழே வைக்காமல், அம்மாவிடம் சொன்னாள்.

"இது பொறக்குற வரைக்கும் சாவு வீட்டுல இருந்து ஒருத்தரும் இங்க வரக்கூடாதும்மா."

"டாக்டரு ரத்தக்கொதிப்புன்னுதானேடி சொன்னாரு."

"கொதிப்பு எங்க இருந்து வந்துச்சு? மொத தடவ படகு கவுந்து மூணு பொட்டி. ரெண்டாவது தடவ நம்ம டீச்சரு. ஊரே பலகைக்கு அந்தப் பக்கம் உக்காந்து உதறுச்சு, நான் இந்தப் பக்கம் படுத்திருந்தேன். நீ மூட மாட்டேன்னா சொல்லிரு. இப்பவே திரும்பிப் போயிடுறேன்."

லூமிங் கரண்டியைக் கீழே வைத்தாள். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் மன்னிக்கவும் என்று கரியால் எழுதி வாசலில் தொங்கவிட்டாள்.

ஒன்றரை மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. மீன்காரர்கள் வந்தார்கள், கஞ்சி குடித்தார்கள், போனார்கள். எங்களுக்கே ஆச்சரியம், ஒருத்தரும் சாகவில்லை. பிறகு கேப்டன் செலோ செத்தார்.

செலோ இருபத்தொரு வருஷம் துறைமுகப் பாராங்கையின் கேப்டனாக, அதாவது அதன் தலைவராக இருந்தவர். பதவி போன பிறகும் கேப்டன் என்றால் அவர்தான். தினமும் காலையில் லூமிங் கடைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாதி ஊர் வழக்கை அங்கேயே தீர்த்துவைப்பார். எழுபத்தெட்டு வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல சாவுதான், எங்களுக்குத்தான் வந்தது வினை. துபாயில் இருக்கிற மகள் வந்தால்தான் புதைக்க முடியும். அவள் மணிலா வரைக்கும் வந்துவிட்டாள், அதற்குள் புயல் கொடி ஏறி எல்லாப் படகையும் நிறுத்திவிட்டார்கள். ஒன்பது நாளில் முடியவேண்டிய சாவு வீடு பத்து, பதினொன்று என்று நீண்டது. சாயங்காலமானால் பதினாலு பாராங்கையும் அங்கே. ஜெபம் சொல்லி, சீட்டு ஆடி, தர்ப்பூசணி விதை கொறித்து, எல்லாரும் எழுந்து முக்குக்கு வந்தால் வாசலில் அந்த அட்டை.

ஐயோ, அந்தப் பதினொரு நாள். ஊரே ராத்திரி நேரத்தில் வீடு போகமுடியாமல் ரோட்டில் அலைந்ததை வேறு எந்த முனிசிபாலிட்டியிலாவது பார்த்திருப்பீர்களா? பங்க்காரன் கயிறு கட்டிவிட்டான். பேக்கரிக்காரி நாலு மணிக்கே கதவைச் சாத்தினாள். கோயில் வராந்தாவில் கொஞ்சம் பேர் போய் உட்கார, பாதிரியார் வெளியே வந்து, "இது என்ன, கால் துடைக்கிற சாக்கா?" என்று கேட்டுவிட்டுக் கேட்டைப் பூட்டினார். தெபான் என்று ஒரு தேங்காய் வியாபாரி. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். என்ன புகார் என்று கேட்டதும் முழித்தான், பிறகு பக்கத்து வீட்டுக்காரன் தன் சேவலைத் திருடிவிட்டான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சேவல் தெபான் வீட்டுக் கூரையில் நின்று கூவிக்கொண்டிருந்தது. இருவரும் அதோடு பேச்சை நிறுத்தினார்கள்.

பலர் என் வண்டியில் ஏறி, சும்மா எங்கேயாவது சுற்று என்றார்கள். சுற்றினேன். என் மனைவி சாயோங் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

"வண்டி ஒரு எடமா? அது போய்க்கிட்டே இருக்கும், செத்தவரும் கூடவே வருவாரு. எறங்கி உக்காரணும். உக்காந்துட்டு வந்தாத்தான் கதவத் தொறப்பேன்," என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். நான் மழையில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடற்கரைத் தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மூன்று நாள் அப்படி உட்கார்ந்ததில் சளி பிடித்துக்கொண்டது.

நாலாவது நாள் நேராக லூமிங்கிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"நீ ஒருத்தி அட்டைய மாட்டினதுல ஊரே நடுரோட்டுல நிக்குதுக்கா."

"நிக்கட்டும். உங்களுக்குக் கால் வலிக்கும், அவ்வளவுதானே. உள்ள படுத்திருக்கிறவளுக்கு இது மூணாவது."

அவள் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷம் தன் கையால் கஞ்சி ஊற்றிய மனுஷன் அரை மைல் தள்ளிப் பெட்டிக்குள் கிடக்கிறார், ஒரு தடவைகூட அவள் போய்ப் பார்க்கவில்லை. போனால் திரும்பி எங்கே உட்காருவாள்? மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சை அவள் துடைக்கக்கூட இல்லை, சுற்றிக்கொண்டு போனாள்.

பதினோராம் நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். காற்றும் மழையுமாக அடித்துக்கொண்டிருந்தது. முக்கைத் திரும்புகிறேன், லூமிங் நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். பிரேக் பிடித்ததில் வண்டி அவள் முழங்கால் வரைக்கும் போய் நின்றது.

"வலி வந்துருச்சு பெர்டோ. இன்னும் ரெண்டு வாரம் இருக்கு, வந்துருச்சு. தோராவக் கூட்டிட்டு வா."

ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை, கொடி இன்னும் ஏறித்தான் இருந்தது. மிட்வைஃப் தோராதான் கதி. ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அவள் எங்கே இருந்தாள் என்றால், கேப்டன் செலோவின் பெட்டிப் பக்கத்தில். செலோவுக்குத் தங்கை மகள் அவள், பதினொரு நாளாக ஜெபம் நடத்துகிறவளும் அவள்தான்.

ஜெபமாலையைக் கையில் சுற்றியபடியே எழுந்து வந்து வண்டியில் ஏறினாள். கிளம்பின உடனே, "எங்கயாவது நிறுத்து, உக்காந்துட்டுப் போகணும்," என்றாள். பங்க்கில் கயிறு. பேக்கரியில் கதவு. போலீஸ் ஸ்டேஷனில் என் வண்டியைப் பார்த்ததுமே உள்ளே தாழ்ப்பாள் போட்டார்கள். நான் உட்கார்ந்த தடுப்புச் சுவர் நாலு கிலோமீட்டர் எதிர்ப்பக்கம். வேறு வழியில்லாமல் நேராக லூமிங் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

தோரா இறங்கினாள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டாள், மழை தலையில் கொட்டுகிறது.

"உள்ள வா தோரா," என்றாள் லூமிங்.

"வரமாட்டேன்க்கா. பொட்டிகிட்ட இருந்து நேரா வரேன். ரெண்டு தடவ அந்தப் புள்ளைய வெறுங்கையோட பாத்தவ நான். மூணாவது தடவ நானே சாவ முதுகுல ஏத்திட்டு வந்தேன்னு ஆகக்கூடாது."

"சர்க்கார் சர்ட்டிபிகேட் வச்சிருக்கிறவ பேசுற பேச்சா இது?" என்றேன் நான்.

"சர்ட்டிபிகேட் பிரசவத்துக்குக் குடுத்தாங்க, இதுக்குக் குடுக்கல. நீ வாய மூடு."

பலகைக்குப் பின்னாலிருந்து ஜெனலின் குரல் வந்தது. "வெளியவே நிக்கச் சொல்லும்மா. அவங்கள விடாத." அதற்குள் அடுத்த வலி வந்து பேச்சு முனகலானது.

லூமிங் தோராவைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். ஒருத்தி வரமாட்டேன் என்கிறாள், ஒருத்தி வராதே என்கிறாள், நடுவில் பிள்ளை வந்துகொண்டிருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

அப்போது லூமிங் கையை நீட்டி அந்த அட்டையை அறுத்துக் கீழே போட்டாள். ஒரு குவளையில் காப்பி ஊற்றினாள். கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, வெங்காயத்தாள் தூவி, கலமான்சிக் காயை வெட்டிப் பிழிந்து, கடைசி பெஞ்சுக்கு முன்னால் வைத்தாள்.

"உதறுற எடம் இதுதானே? முப்பது வருஷமா இதுதானே? வந்து உக்காரு. காப்பியக் குடி. உன்கூட வந்தவரு இந்தப் பெஞ்சுல இருக்கட்டும். நீ மட்டும் உள்ள போ."

"பலகைக்கு இந்தப் பக்கம்தானேக்கா இருப்பாரு. எழுந்து வந்துட்டா?"

"நான் எதுத்தாப்புல உக்காந்திருக்கேன். எழுந்திரிக்க விடமாட்டேன்."

பிறகு பலகையில் கையை வைத்துக்கொண்டு மகளிடம் பேசினாள். சத்தம் போட்டுப் பழகின அந்தக் குரல் அன்றைக்குத் தணிந்து வந்தது.

"ஜெனா, கேளுடி. வந்திருக்கிறது யாரோ இல்ல. கேப்டன் செலோ. ஏழு வயசுல உனக்குக் காய்ச்சல் கண்டு கண்ணு சொருகிப்போச்சு. உங்கப்பன் இல்ல. இதே மாதிரிக் கொடி ஏறியிருந்துச்சு. தன் படகுல உன்னப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த மனுஷன். அந்த மூணு பொட்டியில போன பசங்க உன்கூடப் படிச்சவங்க, இங்க உக்காந்து உன்னக் கேலி பண்ணிக்கிட்டே கஞ்சி குடிச்சவங்க. டீச்சரு உன் கையப் புடிச்சு எழுத வச்சவங்க. இந்த ஊருல செத்தவங்க அத்தனை பேரும் என் கையால சாப்புட்டவங்கடி. அவங்களா உன் புள்ளைய எடுப்பாங்க? நானும் பயந்துட்டேன். பயந்துக்கிட்டு இவர ஒரு தடவ போய்ப் பாக்கல. எனக்கு வெக்கமா இருக்கு."

தோரா மழையில் நிற்கிறாள். பிறகு ஜெனலின் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"கேப்டன் மாமாவா?"

"அவருதான்."

"சிகரெட்டக் கீழ போடச் சொல்லும்மா. பொகை எனக்கு ஆகல."

கேப்டன் வாயில் சிகரெட் இல்லாமல் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. தோரா படியேறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கொதிக்கிற காப்பியை மூன்றே மடக்கில் குடித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். பலகைக் கதவைத் தள்ளி உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.

லூமிங் கடைசி பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்தாள். நடுவில் ஆவி பறக்கிற கஞ்சி. உள்ளே மகள் அலறுகிறாள், "அம்மா, அம்மா" என்று. இவள் பெஞ்சு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"நீ போக்கா. நான் உக்காந்து பாத்துக்கிறேன்."

"உன்னால ஒரு எடத்துல உக்கார முடியாதுடா. நீ எழுந்தா அவரும் எழுந்துருவாரு."

சரிதான். நான் அதற்குள் நாலு தடவை வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துவிட்டேன்.

அட்டை போன சேதி எப்படித்தான் பரவியதோ. தோரா இல்லாமலே ஜெபம் முடிந்ததும் ஒரு வண்டி வந்தது, இரண்டு வந்தது, பிறகு நடந்தே வந்தார்கள். பெஞ்சுகள் நிறைந்து, மீதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். சாயோங்கும் குடையோடு வந்து சேர்ந்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருத்தருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை, காது இருந்தது. கடைசி பெஞ்சில் மட்டும் யாரும் உட்காரவில்லை. லூமிங் எழமாட்டாள் என்பதால் தெபான் அடுப்பைப் பார்த்துக்கொண்டான். சேவல் வழக்கில் மாட்டிய பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அவன்தான் காப்பி கொடுத்தான், அவனும் வாங்கிக்கொண்டான். உதறியாயிற்று, குடித்தாயிற்று, இனி வீட்டுக்குப் போகலாம். ஒருத்தரும் போகவில்லை.

அலறல் ஒரு கட்டத்தில் நின்றது. அதற்குப் பிறகு உள்ளே எதுவும் கேட்கவில்லை. தோராவின் கால் பலகைத் தரையில் இங்கும் அங்கும் நடக்கிற சத்தம் மட்டும். போன தடவையும் இப்படித்தான் இருந்தது, அன்றைக்கு இங்கே இருந்தவர்களுக்கு அது நினைவிருந்தது. சாயோங் என் கையைப் பிடித்து நசுக்கினாள். லூமிங்கின் உதடு அசைந்தது. கேப்டனிடம் பேசினாளா, கடவுளிடம் பேசினாளா, எனக்குத் தெரியாது.

பட்டென்று ஓர் அடி விழுந்த சத்தம். இன்னொன்று. பிறகு அந்தக் குழந்தை அழுதது.

அழுததா, ஊரையே திட்டியது. மழையைத் தாண்டித் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டோம். தெபான் அகப்பையோடு உட்கார்ந்து குழந்தை மாதிரித் தேம்பினான். நான் அழவில்லை என்று சொல்லமாட்டேன்.

தோரா கதவைத் திறந்தாள். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

லூமிங் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, பெஞ்சைப் பிடித்துப் பிடித்துக் கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்றுவிட்டாள். திரும்பிக் கடையைப் பார்த்தாள். அத்தனை பேரும் சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள், அவர்கள் நடுவில்தான் இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறாள். தன் கையைப் பார்த்தாள்.

"தோரா, நான் எங்கயாவது போய் உக்காந்துட்டு வரணுமா?" என்று கேட்டாள். அவள் குரலா அது, அவ்வளவு சின்னதாக இருந்தது.

தோரா பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஜெனலின் கூப்பிட்டாள்.

"அங்க என்னம்மா நிக்கிற? நேரா வா."

லூமிங் நேராகப் போனாள்.